கையுறைக்கு வெளியே ஒரு விரல்

மே 14, செவ்வாய்

வந்துவிட்டார். டோரீன் சொன்னதுபோல் ‘சின்னப் பையன்’ இல்லை. தாடியில் நரை தெரியும் முப்பத்தைந்து வயது ஆள். பெயர் டெல்மர் ப்ரூயிட், அர்க்கன்சாஸ்காரர், இடதுகைப் பந்து வீச்சாளர். கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, இடது கைக்கென்று தனியாக ஒரு தலையணை.

ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர்களைக் கோடை முழுக்க ஆளுக்கொரு வீட்டில் தங்கவைப்பது இங்கே வழக்கம். நான் அதில் சேர்ந்ததே இல்லை. பக்கத்து வீட்டு டோரீன் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். “கீழ் ரூம் சும்மாதான கெடக்கு, மாரிட். நீ வாத்துங்ககிட்ட பேசுற அளவுகூட மனுஷங்ககிட்ட பேசுறதில்ல.”

நான் வாத்துகளிடம் பேசுவதில்லை. பார்க்கிறேன், எழுதிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகம் என்னை வைத்திருப்பது அதற்குத்தான்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “டாக்டர், இங்க அரிசி மூட்டையா எங்க கிடைக்கும்?”

மே 16, வியாழன்

அரிசி சமைக்க அல்ல. வாளி நிறையக் கொட்டி, அதற்குள் முழங்கை வரை கையை விட்டு, பிடித்து, திருகி, விடுகிறார். அரை மணி நேரம். சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான். கூரையில் சிறு மழை பெய்வதுபோல் சத்தம்.

“முழங்கைய ரெண்டு தடவ அறுத்துட்டாங்க, டாக்டர். இத விட்டா மூணாவது தடவ.”



மே 25, சனி

டோரீன் விடவில்லை. ஆட்டத்துக்குப் போனேன், திருத்த வேண்டிய விடைத்தாள்களோடு. ஆட்டம் தொடங்குமுன் அவர் கை சூடேற்றும் இடத்துக் கம்பி வேலி ஓரமாக நடந்தபோது பந்து என்னைக் கடந்து போனது.

கடந்து போனது என்பது சரியில்லை. நான் பார்த்தது அவர் கையை. பிறகு கேட்டது, எதிரே குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் விழுந்த வெடிச்சத்தத்தை. நடுவில் ஒரு சீறல் மட்டும். பந்தின் தையல் காற்றைக் கிழிக்கும் ஒலியாம். அந்த ஒலியை வாழ்க்கையில் ஒரே முறை கேட்டிருக்கிறேன் — சதுப்பு நிலத்தில் என் தலைக்கு மேலே ஒரு வல்லூறு பாய்ந்து இறங்கியபோது.

அடுத்த பந்தும் அதே கை, அதே வீச்சு, அதே வேகத்தில் வருவதாகத் தோன்றியது. வரவில்லை. நடுக்காற்றில் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் மெதுவாக வந்தது. அதுதான் அவருடைய பிழைப்பாம். வேகப்பந்து, அதே முகத்தோடு மெதுபந்து. எது வருகிறது என்று மட்டையாளர் முடிவு செய்ய அரை நொடிக்கும் குறைவு.

விடைத்தாள் ஒன்றுகூடத் திருத்தவில்லை. நான் எளிதில் வியக்கிறவள் அல்ல.

அவர் தோற்றார். மட்டையாளர்கள் அவருடைய மெதுபந்தை எதிர்பார்த்து நின்று அடித்தார்கள்.

ஜூன் 6, வியாழன்

மறுபடி தோல்வி. அரிசிச் சத்தம் இன்று ஒரு மணி நேரம்.

ஜூன் 9, ஞாயிறு

காலை உணவுக்குக் கேட்சர் எய்செபியோ வந்திருந்தான். வெனிசுவேலாக்காரன், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பதினோரு முட்டை தின்றான்.

“பெருசு, உன் பந்து நல்லாத்தான் வருது. புடிக்கிறவன் நான் சொல்றேன்ல.”

“அப்ப அடிக்கிறவனுங்க யாரு? உங்க பாட்டியா?”

“அதான் எனக்கும் புரியல. பந்து வர்றதுக்கு முன்னாடியே காத்துக்கிட்டு நிக்கிறானுங்க. ஏதோ தந்தி வந்த மாதிரி.”

பிறகு விஷயம் மெல்ல வெளியே வந்தது. இந்த லீகில் ஓர் அணி நான்கே நான்கு மூத்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். அணி மேலாளர் கஸ் ஐந்தாவதாக ஒருவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இப்போதைய நால்வரில் ஒருவரான டெல்மருக்கு மாதக் கடைசி வரை தவணை. அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்க்கப் பெரிய லீகிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார் — எதிரணியின் பையன் ஒருவனைப் பார்க்க. நான்கு வருடங்களுக்கு முன் டெல்மர் பெரிய லீகில் மூன்று மாதம் வீசியிருக்கிறார். பிறகு அடி வாங்கி, அனுப்பப்பட்டு, அறுவை, மறு அறுவை.

“இங்கயும் வேண்டாம்னுட்டா அவ்ளோதான், டாக்டர். மச்சானோட டயர் கடை.” சாதாரணமாகத்தான் சொன்னார். தட்டைக் கழுவும்போது ஒரே தட்டை மூன்று முறை கழுவினார்.

ஜூன் 12, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மைதான விளக்குக்கு வரும் பூச்சிகளைத் தின்னப் பக்கிப் பறவைகள் வட்டமிடும் என்று தொலைநோக்கியைக் கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் பக்கிகள் போய்விட்டன. சும்மா இருக்கப் பிடிக்காமல் டெல்மர் பக்கம் திருப்பினேன்.

கையுறையின் முதுகில் உள்ள ஓட்டை வழியே அவருடைய வலது சுட்டுவிரல் வெளியே நீண்டிருக்கும். பல வீரர்களும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். இடது கை கையுறைக்குள் பந்தின் பிடியைத் தேடும். பிடி வேகப்பந்துக்கு என்றால் விரல் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. மெதுபந்துக்கு என்றால் எழுகிறது. அரை அங்குலம் இருக்கலாம். பிறகு படுக்கிறது.

காட்டு வாத்து பறக்கப் போவதற்கு முன் தலையைச் சுண்டும். கூட்டம் அதைப் பார்த்துத்தான் எழும்பும். சுண்டுவது வாத்துக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

விடைத்தாளின் பின்புறத்தில் குறித்தேன். 31 பந்து. விரலை வைத்து முன்கூட்டியே நான் சொன்னது 29 சரி.

எதிரணியின் பயிற்சியாளர் ‘தேர்ட் பேஸ்’ என்கிற மூன்றாம் முனைக்குப் பக்கத்தில் நிற்கிறார். விரல் எழும்போதெல்லாம் மட்டையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். “அப்படித்தான், கர்ட்டிஸ்.” எழாதபோது வாயைத் திறப்பதில்லை.

அப்படியானால் அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

சொல்வதா?

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கூட்டைக்கூட நான் தொட்டதில்லை. வெள்ளத்தில் முட்டை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பார்க்கிறவள் கை நீட்டினால் பார்த்தது கெட்டுப்போகும். மாணவர்களுக்கு நானே சொல்லும் முதல் பாடம் இது.

ஆனால் வாத்து என் தட்டைக் கழுவி வைத்ததில்லை.

ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது. இன்னொன்று பார்க்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

43 பந்து. 40 சரி.

ஜூன் 19, புதன்

சொல்லிவிட்டேன். காப்பி ஊற்றிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல்.

டெல்மர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, “பதினாலு வருஷத்துல பத்து கோச்சு பாத்திருக்காங்க, டாக்டர். வீடியோ போட்டுப் பாத்திருக்காங்க. நீங்க வாத்து பாக்குறவங்க.”

“ஆமா.”

“தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கல. எய்செபியோவக் கூப்பிடுங்க.”

பின்கட்டில், கராஜ் சுவரோரமாக எய்செபியோ குந்தினான். நான் புல்வெட்டும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்தேன். டெல்மர் கையை உயர்த்துமுன் நான் சொல்ல வேண்டும் — வேகம், மெது. இருபது பந்து. முதல் ஐந்தில் எய்செபியோ சிரித்துக்கொண்டிருந்தான். பத்தாவதில் சிரிப்பு நின்றது. பத்தொன்பது சரி.

“பெருசு, இவங்க சூனியக்காரி,” என்றான் மெதுவாக.

டெல்மர் படிக்கட்டில் உட்கார்ந்தார். தன் சுட்டுவிரலை வேறு யாருடையதோபோலப் பார்த்தார்.

“பெரிய லீக்ல மொதல் ஆறு வாரம் யாரும் என்னத் தொட முடியல. அப்புறம் திடீர்னு எல்லாரும் அடிச்சாங்க. கை போச்சுன்னாங்க. நானும் கை போச்சுன்னு நெனச்சு இன்னும் வேகமா வீசி, நெஜமாவே கைய ஒடச்சுக்கிட்டேன்.” அந்த விரலை மடக்கினார். “கை இல்ல. விரல்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புல்வெட்டும் எந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

எல்லாம் கெட்டது. என்னால்.

எய்செபியோ கையுறை ஓட்டைக்கு மேலே ஒரு தோல் மூடி தைத்துக் கொடுத்தான். விரல் மறைந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் டெல்மருக்குத் தெரிந்துவிட்டதே, அதை எதைக் கொண்டு மூடுவது? ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அவர் உடம்பு தயங்கியது. தொடர்ந்து நான்கு பேருக்குக் குறி தவறி வீசினார். நடக்கிறவனிடம் எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டுவிட்டேன்.

கஸ் பந்து வீசும் மேட்டுக்கு நடந்து வந்து, பந்தை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார். இரண்டாவது இன்னிங்ஸ்கூட முடியவில்லை.

டோரீன் கேட்டாள், “நீ ஏன் இப்படி வெளிறிப் போயிருக்க?” வெயில் என்றேன்.

மீதி ஒரே ஆட்டம்.

ஜூன் 25, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு டாக்டர்?” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினார். வாளியில் கை வைக்கவில்லை. காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த வலது கையின் சுட்டுவிரல் எழுவதும் படுப்பதுமாக இருந்தது. நேற்றும் அப்படித்தான். பதற்றம். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

விரல் நிற்கவே இல்லை. சாப்பிடும்போது, போனில் மகளிடம் பேசும்போது. எய்செபியோவிடம் சொன்னேன். அவன் முட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோளைக் குலுக்கினான்.

ஜூன் 29, சனி

முதலில் கண்ணில் பட்டது கையுறை. தோல் மூடியைப் பிரித்து எடுத்திருந்தார். விரல் வெளியே, எல்லாரும் பார்க்க.

அதே கர்ட்டிஸின் அணி. மூன்றாம் முனையில் அதே பயிற்சியாளர். தேர்வாளர் பின்வரிசையில், தொப்பியும் வேர்க்கடலையுமாக.

முதல் பந்து. விரல் எழுந்தது. பயிற்சியாளர், “அப்படித்தான், கர்ட்டிஸ்.” நான் தொலைநோக்கியை இறக்கிவிட்டேன். எத்தனை வருடப் பழக்கம், பத்து நாளில் எங்கே போகும்?

வெடிச்சத்தம். பந்து எய்செபியோவின் கையுறையில் இருந்தது. கர்ட்டிஸின் மட்டை தோளிலேயே இருந்தது. மெதுவாக வரும் ஒன்றுக்காகக் காத்திருந்தவன் முகம்.

அடுத்தது. விரல் ஒட்டிக் கிடந்தது. பயிற்சியாளர் மௌனம். கர்ட்டிஸ் முழு பலத்தோடு சுழற்றினான் — பந்து இன்னும் பாதி வழியில் இருந்தது. சுழன்ற வேகத்தில் ஒரு முட்டி தரையில் ஊன்றியது.

எண்ணிக்கையை டோரீனின் பாப்கார்ன் டப்பாவில் எழுதினேன். விரல் எழுந்தால் வேகம். படுத்தால் மெது. ஒன்பதுக்கு ஒன்பது. பொய் சொல்கிறார். விரலால் பொய் சொல்கிறார்.

நான்காவது இன்னிங்ஸில் மட்டையாளர்கள் தலைகீழாக மாற்றிப் படிக்கத் தொடங்கினார்கள். அப்போது இரண்டே இரண்டு முறை விரல் உண்மை சொன்னது. அந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு பயிற்சியாளர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார்.

இதை எப்படி எழுதுவது? உடம்பு, மனதுக்குத் தெரியாமல் செய்த ஒன்றை மனதின் கையில் எடுத்து, பந்தும் கெடாமல், குறியும் தப்பாமல், அரை நொடிக்குள், எண்பது முறைக்கு மேல். நான் படித்த எதிலும் இதற்கு இடமில்லை. எழுந்து நின்றேன் என்று டோரீன் சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

எட்டு இன்னிங்ஸ். எதிரணிக்கு இரண்டே அடி. தேர்வாளர் வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு வாகன நிறுத்தத்தில் கேட்டேன். “எப்போ பழகினீங்க?”

“காப்பி கப்புல, டாக்டர். தினம் உங்க முன்னாடிதான. பாத்துக்கிட்டே இருந்தீங்களே.”

“பதற்றம்னு நெனச்சேன்.”

“நீங்களே ஏமாந்தா கர்ட்டிஸ் ஏமாறுவான்னு தெரிஞ்சிருச்சு.”

எய்செபியோவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். முட்டை வாயன்.

ஜூலை 3, புதன்

டெல்மரைத் தேர்வாளரின் அணி எடுத்துக்கொண்டது. பெரிய லீகுக்கு நேராக அல்ல. அதற்கு ஒரு படி கீழே. பெட்டியும் தலையணையும் போயின. வாளியை விட்டுப் போகிறேன் என்றார். “மறுபடி வந்தா வேணும்ல.”

கைகுலுக்கினோம். என் கை அவர் கைக்குள் காணாமல் போனது.

செப்டம்பர் 24, செவ்வாய்

டெல்மரின் போன். மூன்று வாரம் முன்பு பெரிய லீகுக்கு ஏற்றிவிட்டார்களாம். ஏழு ஆட்டம் வீசிவிட்டார்.

“விரல் வேல செய்யுதா?”

“ஆறு பேருகிட்ட செஞ்சுச்சு. ஏழாவது ஆளு விரலப் பாக்கவே இல்ல, டாக்டர். பந்த மட்டும் பாத்தான். எங்க போய் விழுந்துச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க.”

இருவரும் சிரித்தோம். அடுத்த வருடம் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

டோரீன் அடுத்த கோடைக்கான படிவத்தோடு வந்தாள். பேனா தேட உள்ளே போனபோது வாளியில் இடறிக்கொண்டேன்.

காலையில் சதுப்பு நிலத்தில் இருந்தேன். வடக்கிலிருந்து கூட்டம் இறங்கிவிட்டது. தலையைச் சுண்டிவிட்டுப் பறக்காமல் நிற்கும் வாத்துகள் எப்போதும் சில உண்டு. என் ஏடுகளில் அவற்றுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. தலைப்பு ‘பிழை’. இருபத்திரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பதினொன்று. அவற்றைக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அறுவடை முடிந்த வயலோரம் சோளம் சிந்திக் கிடந்த இடத்தில் ஐந்து வாத்துகள் நெருக்கியடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்று கிழட்டு ஆண். நிமிர்ந்து மூன்று முறை தலையைச் சுண்டியது. மற்ற நான்கும் கழுத்தை நீட்டின, ஓடின, எழும்பின.

‘பிழை’ என்று எழுதப்போன பென்சிலை நிறுத்தினேன்.

அது குனிந்து, சோளத்தைத் தனியாகத் தின்றது.