துலமுல்லாவில் பால் ஊற்றிய அன்று

ஜக்தி முகாம், ஜம்மு

அன்பு மகள் நீர்ஜாவுக்கு,

பாபுஜியின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலமாக முகாம் திரும்பினோம். நலம் என்றால், என் இடுப்பு மட்டும் இன்னும் ராம்பன் மலைப்பாதையிலேயே கிடக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாது. கௌல் சாஹிப் பூனாவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருடம் துலமுல்லா தேவி திருவிழாவுக்குப் போகும் எண்ணமே எனக்கு இல்லை. என் பேத்தி ஈஷாவின் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று நீ சொன்னதும் உன் அம்மா கிளம்பிவிட்டாள். தேவியின் ஊற்றில் பால் ஊற்றி, தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னவளும் நீதான். கறுத்தால் கேடு என்று நம் ஆட்கள் பயப்படுவது உனக்கும் தெரிந்ததுதானே. அன்றிலிருந்து வீட்டில் கறி கிடையாது. தினமும் கீரை. இன்னும் நாலு நாள் போயிருந்தால் நானே ஆடு மாதிரி கத்தியிருப்பேன்.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ராணுவ வண்டி, பின்னால் ஒன்று. சொந்த ஊர்க் கோயிலுக்குக் கைதி மாதிரிப் போகிறோம். திட்டவும் அலுப்பாக இருக்கிறது, மகளே. வெயிலில் நிற்கிற அந்தப் பையன்களும் எந்த ஊரிலோ யாரோ பெற்ற பிள்ளைகள். மணல் மூட்டை, முள்கம்பி, சோதனை, மறுபடி சோதனை. என் பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். உன் அப்பா ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கும்பிட்டுக்கொண்டு நடந்தார்.

வாசலில் நம் பழைய பால்காரர் அகத் காக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். உன் அம்மாவின் சொம்பு நிறையப் பாலை ஊற்றிவிட்டு, "பண்டித்ஜி, தாடி உங்களுக்கும் வெளுத்துப்போச்சு, எனக்கும் வெளுத்துப்போச்சு. பாலுக்கு மட்டும் வயசே ஆகல" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

கடைசிச் சோதனையில்தான் வினை. அங்கே இருந்த பெண் போலீஸ், "மாதாஜி, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. எல்லாருக்கும் இதே ரூல்தான்" என்றாள். பாலில் எதையாவது கலந்து கொண்டுபோகிறோமா என்று அவர்களுக்குச் சந்தேகம். உன் அம்மா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தேவிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் எப்படிம்மா வாய் வைப்பேன்? எச்சில் ஆயிடுமே" என்றாள். அண்ணாந்து குடியுங்கள் என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். "தூக்கிக் குடிச்சாலும் முதல் வாய் என்னோடதாயிடுது இல்ல" என்று இவள். நான் குடிக்கிறேன் என்றேன். "நீங்க குடிச்சா அது உங்க பால். பேத்திக்கு வேண்டிக்கிட்டது நான்" என்று முறைத்தாள். பின்னால் வரிசை முழுக்க முணுமுணுப்பு. "யாராவது குடிச்சுத் தொலைங்களேன், உச்சி வெயில் மண்டையைப் பொளக்குது" என்றார் நம் முகாம்காரர் ஒருவர்.

உன் அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்குக் கொழந்த இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றாள் அவள். "கொழந்தைக்குப் பால் குடுக்கறவ சூடு பாத்துட்டுத்தானே குடுப்பா. அப்படி நெனச்சுக்கறேன்" என்று சொல்லி ஒரு மடக்குக் குடித்தாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போங்க என்று கை காட்டினாள்.

உள்ளே போய்ப் பாலை ஊற்றினோம். உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நெறம், சொல்லுங்க" என்றாள். வெளிர்பச்சை என்றேன். அதைத்தான் அவள் அன்று சாயங்காலம் உனக்குப் போனில் சொன்னாள். போனை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அப்படியும் எவனோ ஊற்றைப் படம் எடுத்து நம் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். நேற்று நீ ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று இழுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நீ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாய்.

உண்மைதான். தண்ணீர் கறுப்பு. படத்தில் தெரிந்ததைவிடக் கறுப்பு. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் தான் குடித்த ஒரு மடக்குப் பாலால்தான் கறுத்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் அவளிடம் மூச்சு விடாதே.

எனக்கும் பயமாக இருக்கிறது. பெரிய தைரியசாலி மாதிரி எழுதுகிறேனே தவிர, திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணை மூடவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நாம் உயிருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த வருடமும் தண்ணீர் கறுத்திருந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். சொன்னபடியே வீடு போனது, தோட்டம் போனது. என் தம்பி போனான். இந்த ஜம்மு வெயிலில், கூடாரத்துக்குள், உன் அம்மா வலி தாங்காமல் கத்தியபோது, இதுவும் தங்காது என்றுதான் நான் நினைத்தேன். அந்த வருடம்தான் நீ பிறந்தாய்.

குறித்த தேதியிலேயே ஆபரேஷன் நடக்கட்டும், மகளே. டாக்டர் படித்தவர், அவர் கையை நம்பு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நமஸ்காரம் செய்தவர்களுக்கு நம் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லும் வாழ்த்து உனக்குத் தெரியும். யோசிக்காமல் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக யோசித்து எழுதுகிறேன். ஈஷாவை ஆபரேஷன் அறைக்குள் அனுப்பும்போது அவள் காதில் சொல்: நோயற்ற உடம்பும் உறுதியான முழங்கால்களும் உனக்கு வாய்க்கட்டும்.

உன் பாபுஜி,
ஓம்கார் நாத்