எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள்

என்னங்க,

தாடையில் கட்டிய ரப்பரை மாற்ற டாக்டரிடம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. பொரித்த கோழியை அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

தாடை ஆபரேஷன் ஆனதிலிருந்து நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். என் வீங்கிய முகம் பிடிக்கவில்லை என்று நினைத்துத்தான் நேற்று கஞ்சி டம்ளரை 'ணங்'கென்று வைத்தேன். காலையில் உங்கள் தம்பி வந்து சிரிக்கிறார்: "அண்ணி, நீங்க மெல்ல முடியாம கஞ்சி குடிக்கிறப்ப அண்ணன் எப்படி உங்க முன்னாடி கோழிக்காலைக் கடிப்பாரு? உங்க வாயைக் கட்டினா அவருக்கு யோகம்னு நெனச்சேன். பாவம், அவர் வாயையும் சேத்துக் கட்டிட்டீங்க!"

அட மனுஷா! இத்தனை வருஷம் தாடை வலியோடு ஒரு பிடிச் சோற்றை நான் மணிக்கணக்கில் மென்றபோது, எதிரே உட்கார்ந்து கதை பேசியது யார்? சோற்றைவிட அந்தப் பேச்சுக்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன்.

நான் வரும்வரை சாப்பிட வேண்டாம். கஞ்சியைச் சுடவைத்து, இரண்டு பேருக்கும் மேஜையில் இடம் போடுங்கள்.

பி.கு.: கோழிக்காலைச் சத்தமாகவே கடியுங்கள். எப்படி இருக்கிறது என்று வாய்க்கு வாய் எனக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள்.