வாடா

அன்புள்ள உம்மாவுக்கு தஹ்மீனாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஜெர்மனியில் குளிர்தான் அதிகம்.

நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, இங்கே நான் வரைபடம் போடுகிறேன். அதைச் சரிபார்க்க இங்கிருந்து வந்த, என்னோடு வேலை பார்க்கும் கயல்விழியோ அந்தச் சேற்றிலேயே நடக்கிறாள், நம் வீட்டிலேயே தங்குகிறாள். நேற்று போனில், "உங்கம்மா தட்டோட வந்து, 'வாடா, சாப்பிடு'ன்னு செல்லமா கூப்பிடுறாங்க!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே! நீங்கள் சொன்னது நம் ஊர் இறால் வாடாவை என்று பிறகுதான் புரிந்தது. கும்பகோணத்துக்காரிக்கு அந்தப் பலகாரம் எப்படித் தெரியும்? தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவள் திரும்பும்போது மீன் மசாலா கொடுத்தனுப்புங்கள். என் தலையணையை அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

ட்ராம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லுங்கள் உம்மா. நான் லீவில் வந்தபோது "இறால் கிடைக்கல"ன்னீங்களே, அவளுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது?

உங்கள் ஒரே மகள்,
தஹ்மீனா