மலைக்கு முன்னால் வந்து நில்

மேலப்பூந்தாழை,
22-10-71

அன்பு மகன் தியாகுவுக்கு அப்பா வீரையன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் உன் தங்கை அம்சம் எல்லோரும் சௌக்கியம். ஊட்டிக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருந்து, ஸ்டூடியோ வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. கூலித் தகராறு வழக்கிலிருந்து உன் பேரை எடுத்துவிட்டார்கள், இனி நீ பயமில்லாமல் ஊருக்கு வரலாம். புதுச் சட்டப்படி கர்ணம் வந்து நம் குடிசை மனையை அளந்துகொண்டு போனார், பட்டா வந்துவிட்டால் மிராசுதார் ஆள் வந்து கூரையைப் பிடுங்க முடியாது. அன்றைக்கு அம்மா வாசலைப் பெருக்கிப் பெருக்கி மண்ணையே தேய்த்துவிட்டாள்.

நீ அனுப்பிய மலைப் படங்கள் வந்தன. நான் மலையையே பார்க்காதவன். முன்மலை கறுப்பாகவும் அடுத்தது சாம்பலாகவும் கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்பது போலவும் இருக்கவே, யாரோ அரைகுறையாகக் கழுவிவிட்டான் என்று எண்ணி, கூத்தாநல்லூர் ஸ்டூடியோ மீரா உசேனிடம் கொடுத்துத் திரும்பக் கழுவித் தரச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, படத்துல குத்தமில்லண்ணே, நடுவுல இருக்குற காத்தும் பனியும் சாயத்தத் தின்னுடும், தூரம் போகப் போக மரம் எது இலை எதுன்னு தெரியாது என்றார். நம் வயலுக்கு அந்தப்பக்கப் பனைகள்கூட வெளிறித்தானே தெரிகின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை வீட்டில் சொன்னதும் அம்மா எல்லாப் படத்தையும் பாயில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் நீ எங்கோ தள்ளி, நெல்மணி அளவுக்கு நிற்கிறாய். மிராசுதார் ஆள் அடித்த கண்ணில் போட்ட கட்டோடு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே ரயிலேறியவன் நீ. கட்டு அவிழ்த்த முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. தூரத்துல நின்னா ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுதாங்க நிக்கிறான், கண்ணு போச்சோ என்னவோ என்று அம்மா அழுதாள். கற்றுக்கொண்ட வித்தையை முதலில் அம்மாவிடமேவா காட்டுவாய் நீ. கண் போயிருந்தாலும் போகட்டும், எங்களுக்கு நீ இருக்கிறாய். எங்களிடம் மறைக்காதே.

மலை அங்கேயேதான் இருக்கும். அதைப் பின்னால் விட்டுவிட்டு, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கம்பளி போர்த்திக்கொள்ள மறக்காதே, வெந்நீரே குடி. அம்சத்துக்குக் கார்த்திகையில் பிள்ளை பிறக்கும். அதற்குக் கட்டாயம் வா. தாய்மாமன் முகத்தைக் குழந்தை கிட்டத்தில் பார்க்க வேண்டும். நீ நல்லபடியாக இருப்பாய், எங்கள் மனசு முழுக்க உன்னோடுதான்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா வீரையன், அம்மா எல்லையம்மாள்