பேய்களுக்குச் சோறில்லை

அக்கா,

பேய்களுக்கு இனிமேல் சோறு போடுவதில்லை என்று கடந்த ஞாயிற்றுக்கிழமை நமது ஒழுங்கையின் சனசமூக நிலையத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பதினேழு வீடுகளில் பதினாறு வீட்டார் வந்திருந்தார்கள். விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. இடியப்பம் சோற்றில் சேருமா என்ற கேள்விக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது. சேரும் என்று முடிவாயிற்று. பிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டில் பேய்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்கக்கூடாது. ஒரு தேநீர், ஒரு வடை அல்லது பிஸ்கற், அவ்வளவுதான். குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில்கூட நம்மவர்களிடம் இப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை. பிரேரித்தவன் நான். வழிமொழிந்தவர் கந்தையா அண்ணை.

இன்றுதான் கூட்ட அறிக்கையைச் செம்மையாக எழுத உட்கார்ந்தேன். குசினியில் மனைவி ஒரு பூசணிக்காயின் உள்ளீட்டைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை மணம், மழைக்குப் பிறகு வெள்ளரிக்கொடியை மிதித்தால் எழும் மணம், மேசைவரை வந்தது. அறிக்கையை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தலைவரின் ஒப்பம் வேண்டிய அறிக்கைதான். நீங்கள் இருந்த தலைவர் கதிரையில் பங்குனிக்குப் பிறகு யாரும் இருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒக்டோபரில் உங்கள் தம்பி கனடாவிலிருந்து வந்தார். பத்தொன்பது வயதில் போனவர், நாற்பத்தைந்தில் வந்தார். இடையில் உங்கள் அம்மாவின் செத்தவீடு நடந்தது. சண்டைக்குள் இந்த ஒழுங்கை முழுவதும் பாய் சட்டியோடு எழும்பிப் போய்த் திரும்பி வந்தது. நீங்கள் மருத்துவமாதாக, ஊர் வாயில் ‘மிசி’யாக, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை உலகத்துக்கு இழுத்துவிட்டு ஓய்வும் பெற்றீர்கள். அப்போது எட்டு வயதான மகள் ஆரபியையும் கூட்டிக்கொண்டு இரண்டு கிழமைக்கு வந்திருந்தார். நவம்பர் இரண்டாம் திகதி திரும்ப ரிக்கற். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒக்டோபர் முடிகிற இடத்தில் நீங்கள் ஒரு குண்டூசி குத்தியிருந்தீர்கள். அதற்குப் பின்னால் உள்ள தாள்களை யாரும் புரட்டிப் பார்க்க முடியாது.

தம்பி உங்கள் வளவைவிட்டு வெளியே இறங்கவில்லை. படலைவரை வருவார், தெருவில் நிற்கும் மாட்டைப் பார்ப்பார், திரும்பிப் போவார். ஒழுங்கைக்குள் கால் வைத்தால் என்ன கேள்விகள் வரும் என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்பது அதில் முதலாவது.

ஐந்தாம் நாள் ஆரபி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள். அந்த வருடத்து ஹலோவீன் அவளில்லாமல் கனடாவில் நடக்கப் போகிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் எப்படியும் சமாளித்திருப்போம். அவள் மிகவும் மரியாதையாக நடக்கத் தொடங்கினாள். போட்டதைச் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள், போவதற்கு இன்னும் எத்தனை நித்திரை என்று தகப்பனின் காதில் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது அவர் குசினிக்கு வந்து, ரிக்கற்றை இருபத்தெட்டாம் திகதிக்கு மாற்றலாமென்று நினைக்கிறேன் என்றார். “ஓமடா, பிள்ளையின்ர சந்தோசம்தானே” என்று சொல்லிவிட்டுத் தேங்காயைத் தொடர்ந்து திருவினீர்கள். திருவி முடித்ததும் கைகூடக் கழுவாமல் எதிரிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

“அந்தப் பேய்த் திருநாளை இஞ்ச வைக்க என்னென்ன வேணும்?”

நாலு புத்தகம் வாசித்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்டீர்கள். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள், இனிப்புத் தராவிட்டால் குழப்படி செய்வோம் என்று வெருட்டுவார்கள், வீட்டார் வாசலில் வைத்து ரொபி கொடுப்பார்கள், அடுத்த வீட்டுக்குப் போவார்கள் என்றேன். முதல் பிள்ளை சுமப்பவளிடம் விசாரிப்பதுபோல விசாரித்தீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு நேரம் இருக்கும், வெறும் வயிற்றோடு போகலாமா. கடைசியில் ஒரே மூச்சில் சுருக்கிச் சொன்னீர்கள். “விளங்குது. பிச்சை எடுக்கிறது. ஆனா வெருட்டி எடுக்கிறது.”

மறுநாளே கூட்டம். எதிர்த்தவர் கந்தையா அண்ணை. மூலை வீட்டுக்காரர், அந்தக் கிழமை கந்தசஷ்டி விரதம் வேறு. வருடம் முழுவதும் நூல் கட்டியும் தேசிக்காய் வெட்டியும் துரத்துகிற ஒன்றை இப்போது கூப்பிட்டு ரொபி கொடுப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சபை உங்களைத் திரும்பிப் பார்த்தது.

“தானா வாற பேயைத்தான் அண்ணை துரத்திறது” என்றீர்கள். “நாங்கள் சொல்லிக் கூப்பிட்டால் அது விருந்தாளி.”

இளம் தகப்பன் ஒருவன் ஏதோ சொல்ல எழுந்தான். அவனை நிமிர்ந்து பார்த்து, “நீ பிறக்கேக்கையும் இப்பிடித்தான், குறுக்கால கிடந்தனீ” என்றீர்கள். அவன் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டான். வேறு ஆட்சேபனை பதியப்படவில்லை. அந்த மண்டபத்தில் நாற்பது வயதுக்குக் கீழ் இருந்த எவரைப் பற்றியும் உங்களிடம் ஒரு செய்தி இருந்தது.

ஒழுங்கை முழுவதும் நீங்களே போய் விதிமுறைகளைச் சொன்னீர்கள். பிள்ளைகள் படலைக்கு வருவார்கள், படலையில் வைத்தே ரொபியைக் கொடுங்கள், அனுப்புங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். பூசணிக்காயில் முகம் வெட்டியவர் தம்பி. வந்த நாள் தொடக்கம் அவர் ஒரு வேலையில் மனம் வைத்துச் செய்ததை அன்றுதான் பார்த்தேன். அதைப் படலைத் தூணில் வைத்த அரை மணி நேரத்துக்குள் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, “என்ன மிசி, மாடி எழுப்பப் போறியளோ? கண்ணூறுக்குக் கட்டியிருக்கு?” என்று விசாரித்தார். தோண்டி எடுத்த சதை இரண்டு நாள் பல வீடுகளில் கறியாயிற்று.

முப்பத்தொன்றாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குப் பேய்கள் புறப்பட்டன. இருட்டினால் பாம்பு, மழை வந்தால் சேறு. ஆகவே நம்முடைய பேய்கள் நல்ல வெயிலில் நடந்தன. மொத்தம் ஒன்பது. ஆரபி நுளம்பு வலையால் போர்த்தியிருந்தாள். இன்னொன்று முதல்நாள் சூரன் போர் விளையாட்டுக்குச் செய்த மட்டைத் தலையோடு வந்தது. ஒரு பிள்ளை யானையாக வந்தது. பேய் என்று சொல்லித்தானே கூப்பிட்டோம் என்று கேட்டதற்கு, யானைக்குத்தான் தனக்கு உண்மையான பயம் என்றது. வேளாண்மை செய்யும் தகப்பன் அதை ஆமோதித்தார். பேய்களுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் போக வேண்டும் என்று நீங்கள் விதி வைத்திருந்தீர்கள். உங்களுக்கு முழங்கால் நோ என்று அன்று காலைதான் தெரியவந்தது. தம்பி போனார்.

முதல் வீடு எங்களுடையது. என் மனைவி கையில் ரொபிப் பையோடு படலையைத் திறந்தார். ஒன்பது பேரும் ஒரே குரலில் வெருட்டினார்கள். அவர் பையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பின்னால் இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு நின்றவரைப் பார்த்தார்.

“உள்ளுக்கு வாங்கோ” என்றார்.

விதியை நான் நினைவூட்டினேன். “வந்த பிள்ளையளைப் படலையில வைச்சுக் குடுத்தனுப்ப நாங்கள் ஆர்?” என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். பேய்கள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தன. தேநீர் வைக்கப்பட்டது. இரண்டாம் வீட்டில் வலைகளையும் தலைகளையும் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு பேயும் ஆருடைய பிள்ளை, தாய் எந்தப் பகுதி என்று விசாரித்தார்கள். யானை அந்த வீட்டுக்குத் தூரத்து உறவென்று தெரியவந்ததால் அங்கே மேலும் இருபது நிமிடம் போனது. மூன்றாம் வீட்டில் பால்தேநீரும் கடலை வடையும். நாலாவது மூலை வீடு. அன்று கந்தையா அண்ணைக்குப் பாறணை. விரதம் முடித்துச் சமைத்த அத்தனை கறியையும் மூடிவைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். பேய்களை வரிசையாக இருத்தி வாழையிலை போட்டார். “பேயெண்டாலும் பசியோட அனுப்பேலாது” என்றார். ரொபிப் பைகளை யாரும் திறக்கவேயில்லை. அவை இன்னமும் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டு வீடுகள் மிச்சம். அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முதல் மனத்தாங்கல் ஆறரைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் என்ன குறை, ஏன் பேய் வரவில்லை என்று ஒருவர் குடையோடு உங்கள் படலையில் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அன்று நான் உங்கள் விறாந்தையில் இருந்தேன். தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வழி சொன்னார். மிச்ச வீடுகளுக்குப் போன் எடுத்து வருத்தம் தெரிவிக்கலாம், நாளை மறுநாள் பயணம் அல்லவா?

“பேய் போன் எடுக்குமோடா?” என்றீர்கள்.

அவர் மகளைப் பார்த்தார். வயிறு நிரம்பிய ஆரபி நுளம்பு வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, பாயில் நித்திரையாகிவிட்டிருந்தாள். மரியாதையெல்லாம் போய் வாய் திறந்திருந்தது. ரிக்கற் ஒன்பதாம் திகதிக்கு மாற்றப்பட்டது.

மிச்ச வீடுகளுக்கு நாலு நாள் எடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் தம்பிக்குக் கதிரை போட்டார்கள். அவர் பயந்த கேள்விகள் எல்லாம் வந்தன. ஆனால் கேட்கும்போது பக்கத்தில் சூரனும் யானையும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் யாராலும் முகத்தை நெடுநேரம் இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை. எட்டாவது வீட்டில் மாலை போட்ட படத்தில் இருந்தவன் அவரோடு ஒரே வகுப்பு. அங்கே எல்லாருடைய தேநீரும் ஆறிப்போனது. யானைதான் இன்னொரு வடை கேட்டது. தாய்க்காரி எழும்பிப் போய் எடுத்துவந்து, யானைக்கொன்றும் தம்பிக்கொன்றும் வைத்தார். பதினோராவது வீட்டில் அவர் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார் என்று மனைவி வந்து சொன்னார்.

இத்தோடு முடியவில்லை. வந்தவர்களுக்குத் திரும்பப் போகவேண்டும் அல்லவா? அடுத்த கிழமை ஒழுங்கைப் பெண்கள் பலகாரப் பெட்டியோடு ஒவ்வொரு பேயின் வீட்டுக்கும் போய் வந்தார்கள்.

நான் உங்களை ஒருமுறை கேட்டேன். நாற்பது வருடம் இந்தச் சனத்தின் குசினிவரை போய்வந்தவர் நீங்கள். இவர்கள் எவரையும் படலையில் வைத்து அனுப்பமாட்டார்கள் என்பது உங்களுக்கா தெரியாது? நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். “எனக்கென்ன தெரியும்? நான் பேயைக் கண்டனானே?” என்றீர்கள். சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் புரட்டாதி பிறந்ததுமே பிள்ளைகள் உங்கள் படலையில் வந்து பேய் நாள் எப்போது என்று கேட்டன. தம்பியும் அதைத்தான் போனில் கேட்டார். கேட்டு, மகளோடு வந்தார். பக்கத்து ஒழுங்கையும் சேர்ந்துகொண்டது. போன வருடம் இருபத்திரண்டு பேய்கள். ஓமந்தையிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்து நின்று சாப்பிட்டது. வீடு கழுவி, கோலம் போட்டு, வலைக்குள்ளே புதுச்சட்டை உடுத்தி, ஒன்பது நாள் நடந்தது. தம்பி நவம்பர் பதின்மூன்றுவரை நின்றார். நீங்கள் அப்போதே மெலிந்திருந்தீர்கள். உங்கள் முழங்கால் மட்டும் முப்பத்தொன்றாம் திகதி காலையில் தவறாமல் நோகத் தொடங்கியது.

ஆனால் அக்கா, ஒன்பது நாள் அதிகம் என்ற பேச்சு பங்குனியில் உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எழுந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பள்ளிக்கூட வரவு குறைவு. விதைப்புக் காலத்தில் யார் இருந்து சமைப்பது? எல்லாமே நியாயமான காரணங்கள். செயலாளர் என்ற முறையில் நான்தான் அவற்றைத் தொகுத்தேன்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது சொல்லும்படியாகப் பெரிதல்ல. எவரையும் படலையில் நிறுத்திவைத்துக் கதைக்க இப்போது என்னால் முடிவதில்லை. மின்சார மீற்றர் பார்க்க வருகிற பொடியனுக்கு எங்கள் வீட்டில் மட்டும் அரை மணி நேரம் எடுக்கிறது. அவனுடைய தாய் எந்தப் பகுதி என்பது எனக்குத் தெரியும். அவன் பிறக்கும்போது பேறு பார்த்தது நீங்கள்தானாம். குறுக்கே கிடக்காமல் ஒழுங்காக வந்தவனாம்.

நேற்றுப் பின்னேரம் தம்பி போன் எடுத்தார். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டின் திறப்பு எங்களிடம்தான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அண்ணை, இந்த முறை எத்தனை நாள் எடுக்கும்?” என்றார். தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன். பதினாறு வீடு, வீட்டுக்கு ஐந்து நிமிடம். நாலு மணிக்குத் தொடங்கினால் நடை உட்பட ஆறு மணிக்குள் முடியும். ஆறு மணிக்குள்ளா என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு, வசதிதான், பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார்.

நவம்பர் முதலாம் திகதிக்குத் திரும்ப ரிக்கற் போட்டிருக்கிறார்.