பிரணவியின் கடவுச்சீட்டு

மனுரேவா,
பங்குனி 8.

அன்பின் பார்த்தீபனுக்கு,

சிவானி எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. எழுத மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்சப்பில் எழுதினால் பெருவிரலைக் காட்டிவிட்டுக் கண்காட்சி மண்டபத்தில் ஆணி கழற்றப் போய்விடுவீர்கள். போனில் கதைத்தால் மகள் பக்கத்தில் நிற்பாள்.

குசினிக் குழாய் திரும்பவும் ஒழுகியது. ரஜிதன் அண்ணை வந்து இறுக்கிவிட்டார். பக்கத்து வீட்டு மனிசன் பாவம், எத்தனை தரம்தான் எங்கள் குழாயை இறுக்குவார்? ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் எனக்கு அதே பொதி கட்டுகிற வேலைதான். முதுகு நோகிறது.

போன ஞாயிறு பிரணவி போனுக்கு வராததற்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லை என்று என் வேலையிடத்துக்குப் போன் வந்தது. உடனே ரஜிதன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர்தான் காரை எடுத்துக்கொண்டு தேடிப்போய், மனுரேவா ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார். பைக்குள் ஒரு சட்டையும் பல் விளக்குகிற பிரஷும். கையில் நீங்கள் ஒசாகாவிலிருந்து அனுப்பிய கண்காட்சிக் கடவுச்சீட்டு. ஒவ்வொரு நாட்டு மண்டபத்திலும் முத்திரை குத்தி நிரப்பி அனுப்பினீர்களே, அந்த விளையாட்டுப் புத்தகம். ஜப்பான் விமானத்துக்குப் போக எந்த ரயில் ஏறவேண்டும் என்று நிலையத்தில் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அவள் நல்ல மனிசி. பிள்ளையை விடாமல் தன் பக்கத்திலேயே இருத்தி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடிக்கக் கை ஓங்கினேன். ஏன் போனாய் என்று கேட்டதற்கு அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா தன்ர பாஸ்போட்டை எனக்கு அனுப்பிப்போட்டார். அதுதான் அவரால வீட்ட வரேலாமல் கிடக்கு. குடுத்திட்டு வரப் போனனான்."

ஓங்கின கையை இறக்கிவிட்டேன். கண்காட்சி முடிந்ததும் வருவேன் என்று அவளுக்குச் சொன்னது நீங்கள்தானே? ஐப்பசியில் முடிந்தது. பிறகு கழற்றுகிற வேலை என்றீர்கள். இப்போது பெல்கிரேட் கண்காட்சி என்கிறீர்கள். அதையும் கட்டி, காட்டி, கழற்றி முடிப்பதற்குள் இந்தப் பிள்ளை உங்களை விட்டு வளர்ந்துவிடும். அவளாகவே ஒரு காரணம் தேடிப் பிடித்து, பழியை உங்கள் மேல் போடாமல் ஒரு புத்தகத்தின் மேல் போட்டிருக்கிறாள்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று விளங்கப்படுத்த சனிக்கிழமை அவளை டொமைன் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். கலியாணமான புதிதில் நீங்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய அதே வீட்டடிக்குத்தான். நூறு வருஷத்துக்கு முந்தி அந்தப் புல்வெளி முழுக்கக் கண்காட்சி மண்டபங்கள் நின்றன, எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள், மாதிரி வீடு என்று கட்டிய இந்த ஒன்றுதான் மிச்சம் என்றீர்கள். பிறகு அது தேநீர்க் கடை ஆனதையும் சொன்னீர்கள். அதையெல்லாம் நான் மகளுக்குச் சொன்னேன். கண்காட்சி நடந்த காலத்தில் அதற்குள் ஆர் இருந்தது என்று கேட்டாள். ஒருவரும் இல்லை, சனம் வந்து பார்த்துவிட்டுப் போவதற்காகக் கட்டியது என்றேன். வாத்துகளைப் பார்த்துக்கொண்டே, எங்களுடைய வீடும் அப்படியா என்று கேட்டாள். நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் நீங்கள்தான் சொன்னது. பாரிஸ் கண்காட்சியில், அந்தப் பெரிய இரும்புக் கோபுரம் கட்டி முடித்த அதே வருஷம், ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து வேலிக்குள் குடிசை போட்டு இருத்தினார்களாம். சமைப்பதையும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதையும் சனம் டிக்கெட் எடுத்து நின்று பார்த்ததாம். அதைச் சொன்ன அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவளும் நானும் முன்னால் இருக்கிறோம். நான் சமைக்கிறதைப் பார்க்கிறீர்கள், அவள் சாப்பிடுகிறதைப் பார்க்கிறீர்கள், கை காட்டிவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுகிறீர்கள். சொல்லக்கூடாததுதான், ஆனால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் குடித்து வெறித்து ஊர் சுற்றுகிற ஆளில்லை. எங்களுக்காகத்தான் ஓடுகிறீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தேன். இப்போது பயமாயிருக்கிறது. போன ஞாயிறு அவள் போனுக்கு வராதது கோபத்தில் இல்லை, பார்த்தீபன். அறைக்குள் படம் கீறிக்கொண்டிருந்தாள். அப்பா கூப்பிடுகிறார் என்றேன். பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கும் அப்படி ஒரு நாள் வந்துவிடுமோ என்று இருக்கிறது.

பெல்கிரேட்டுக்கு இந்த மாதம் முடியமுன் கையெழுத்துப் போடவேண்டும் என்றீர்கள். போடாதேயுங்கோ. இங்கேயும் தச்சு வேலை இருக்கிறது. கண்காட்சியைப் போலப் பெரிதாக இருக்காது, இருந்தாலும் இருக்கிறது.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கோ. உயரத்தில் ஏறினால் பாதுகாப்புப் பட்டியைக் கட்டுங்கோ. அம்பாள் உங்களைப் பத்திரமாய் வைத்திருக்கட்டும்.

இதற்குள் அந்தக் கடவுச்சீட்டையும் வைத்திருக்கிறேன். மகள்தான் கொண்டுவந்து தந்தாள். இனி அப்பாவுக்கு வர வழியிருக்கும் என்றாள். அது விளையாட்டுப் புத்தகம் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. தயவுசெய்து அதைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதேயுங்கோ.

உங்கள்,
சிவானி