வார்டுக்குள் வந்த அன்னாசி கேக்

தைப்பே, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் மகள் யுன்-ஆன் உங்களைப் படுத்தாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் நலம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய அன்னாசி கேக்கை, மறுபடி வேலையில் சேர்ந்த முதல் நாளே வார்டில் பிரித்து வைத்தேன். தலைமை நர்ஸ் ஸூ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எட்டு வருஷம் வீட்ல இருந்ததுல இதையுமா மறந்துட்ட? அன்னாசிங்கிற பேரே நம்ம பேச்சுல 'பெருகி வா'ன்னு கேக்குமே, அது உள்ள வந்தா நோயாளிங்க கூட்டமா வருவாங்கம்மா."

மதியமே ஒரு கல்யாணக் கூட்டம் வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கியது.

"அன்னாசி அக்கா, நீங்கதானே கூப்பிட்டீங்க, நீங்களே கவனிங்க," என்று இளம் நர்ஸுகள் என்னை முன்னே தள்ளினார்கள்.

மணப்பெண் துவண்டு கிடந்தாள். கையில் நரம்பே கிடைக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அத்தை, முதல் குத்திலேயே ஊசி ஏறிவிட்டது.

கிளம்பும்போது ஸூ சொன்னார்: "உன் கை எதையும் மறக்கல. கேக்கை மட்டும் இனிமே என் லீவு நாள்ல கொண்டு வா."

ஆகவே இன்னொரு பெட்டி அனுப்புங்கள். இங்கே நர்ஸ் விடுதியில் தலையணைக்கு உறை இல்லை. யுன்-ஆனின் பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள், தலையணைக்கு மாட்டிக்கொள்கிறேன்.

ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மருமகள்,
பெய்-ச்சுன்

பி.கு.: சட்டையைத் துவைக்க வேண்டாம்.